வெள்ளையாக விட்ட கரை

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் வெள்ளம் வந்த அன்று, பக்கத்து வீட்டு அண்ணன் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: “இங்க தண்ணி ஏறாது தங்கச்சி. பிளான்ல நம்ம வரிசை உசரத்துல இருக்கு.” அப்போது அவருடைய செருப்பு ஒன்று என் வாசலைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தது. நான் எட்டிப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “பிளான் சரிதான். சாக்கடைதான் அடைச்சிக்கிச்சு” என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. என் வீட்டு அரிசி மூட்டையும் நனைந்துகொண்டிருந்தது.

அவர் நில அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘பிளான்காரர்’தான். உண்மைப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் மலாக்காவில் இருக்கிறார்கள். கோவிலில் பார்த்தால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு இருக்கட்டும்.

கண்ணால் பார்த்ததைவிடக் காகிதத்தில் பார்த்ததைத்தான் அவர் நம்புவார். இது எங்களுக்கெல்லாம் ரொம்ப நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு தடவை ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலிலிருந்து அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் வீடு திரும்பினார்கள். அவர் குறுக்குச் சந்து ஒன்றைச் சொல்லி, அதற்குள் விடச் சொல்லியிருக்கிறார். பெச்சாக்காரர், அங்கே வழி இல்லை என்று மலாயில் தலைப்பாடாக அடித்துக்கொண்டாராம். போய்ப் பார்த்தால் சந்துக்கு நடுவில் யாரோ வீடு கட்டிக் குடியே வந்துவிட்டார்கள். அண்ணன் இறங்கி அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “இது ரோடு, இங்க எப்படி வீடு இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வாயில் சோற்றோடு நின்றாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்தால் அவளுக்கு இருமல் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவரை வெறும் கிறுக்கர் என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு ஜம்பு மரம் இருந்தது. பழம் யாருக்கு என்று எனக்கும் அவருக்கும் ஒரு நாள் வாய்ச்சண்டை. நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். மறுநாள் அவர் அலுவலகத்திலிருந்து பிளானின் நகலையும் அளவுச் சங்கிலியையும் கொண்டுவந்து கொல்லையை அளந்தார். மரம் எங்களுடையது என்று வந்தது. அதோடு விட்டாரா? அவருடைய குளியலறையும் இரண்டடி எங்கள் மண்ணில் இருக்கிறது என்று வந்தது. “இருந்துட்டுப் போகட்டும் அண்ணே” என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினார். சுவர் எழும்பும் வரை அக்கா பழைய சாரோங்குகளைக் கயிற்றில் கட்டி அதற்குப் பின்னால் நின்று குளித்தாள்.

“உனக்குக் கோவமே வராதா அக்கா?” என்று கேட்டேன்.

“அவரு தப்பு செய்ய மாட்டாரு லா. செஞ்சாலும் அளந்துதான் செய்வாரு” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்காவுக்கு நெஞ்சு நோய் வந்தது அதற்கு அடுத்த வருஷம். காசம் என்ற சொல்லைத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த இருமல்’ என்பார்கள். அவள் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். என் வீட்டுக்காரர் என்னையும் போகாதே என்றார். நான் போனேன். பிள்ளை குட்டி இல்லாத வீடு, நானும் போகாவிட்டால் அவளிடம் பேச யார் இருக்கிறார்கள்?

அரசாங்க ஆஸ்பத்திரியில் புது ஊசி போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கேட்ட ஊசி அவளுக்குக் கேட்கவில்லை. அவளைக் கவனித்த வெள்ளைக்கார டாக்டர் ஐரோப்பாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவர். ஜெனீவா ஏரி. காற்றும் வெயிலும் ஓய்வும் கொடுத்தால் ஒருவேளை பிழைப்பாள் என்றார். அந்த ஏரிக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் வீடுகள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஒருவேளை என்ற சொல் அண்ணன் காதில் ஏறவில்லை. டாக்டரிடமிருந்து ஒரு பெரிய தேசப்படப் புத்தகத்தையும், ஏரியில் ஓடும் படகுகளின் நேரம் போட்ட சிறு புத்தகத்தையும் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையைக் காலி செய்தார். ஏரியை வரைய ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போனால் ஏரிதான். “இது மழைத் தண்ணி கட்டின குளம் இல்ல தங்கச்சி. ஒரு காலத்துல மலை உசரத்துக்கு ஐஸ் இருந்துச்சு. அது நகந்து நகந்து பள்ளத்தைத் தோண்டிட்டுப் போயிருச்சு. அந்தக் குழிதான் இது. ஆயிரம் அடி ஆழம்” என்பார். மூன்றாம் பிறை மாதிரி வளைந்த ஏரி. கிழக்கு முனையில் ஓர் ஆறு கலங்கலாக உள்ளே வருகிறது. பனித் தண்ணீர் கனமானது என்பதால் அப்படியே அடியில் இறங்கிவிடுகிறது. மேற்கு முனையில் நீலமாக வெளியே போகிறது. நம் ஊர்க் கடல் போல அதில் ஏற்றவற்றம் கிடையாது. ஆனால் காற்று ஒரு பக்கமாக அழுத்தினால் ஏரித் தண்ணீர் மொத்தமும் ஒரு கரையில் உயர்ந்து மறு கரையில் தாழும். வடகிழக்கிலிருந்து ஒரு குளிர்காற்று அடிக்கும், அதற்கென்று ஒரு பெயரே உண்டு. வடகரையில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், ரயில், பெரிய பட்டணங்கள். தென்கரையில் மலை தண்ணீர் வரைக்கும் இறங்கிவிடும். மிச்சமுள்ள துண்டு நிலத்தில் மீன்பிடி ஊர்கள், கல் வீடுகள், ஊருக்கு ஒரு படகுத்துறை.

இதெல்லாம் மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்தைய மாதங்கள். தெரு முழுக்க மெர்டேக்கா பேச்சு, குடியுரிமைப் பேச்சு, யார் இருப்பது யார் இந்தியாவுக்குப் போவது என்ற பேச்சு. அந்த வீட்டில் மட்டும் எந்தப் படகு எந்தத் துறையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று பேச்சு.

அக்காவுக்கு அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. அவர் ஒரு பெயரை ஐந்து விதமாகச் சொல்வார், அவள் ஆறாவது விதமாகத் திருப்பிச் சொல்வாள். அவளுக்கு வெளிநாட்டு மோகமெல்லாம் கிடையாது. ஒரு நாள் அவர் இல்லாதபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு சாகப் பயம் இல்ல லா. இவரு சோறு வடிக்கத் தெரியாம பானையைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அதை நெனச்சாத்தான் எப்படியாவது பொழைச்சு வந்துரணும்னு இருக்கு.” நான் எழுந்து போய் அவள் துணிகளை மடித்து வைத்தேன்.

மெர்டேக்கா அன்று காலையில் நாங்களெல்லாம் நல்ல துணி உடுத்திப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். அவர் மலைகளுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். மயிரிழை மாதிரி சிறு சிறு கோடுகள். சில சரிவுகளைக் கறுப்பாக்கி, சில சரிவுகளை வெள்ளையாக விட்டால் மலை காகிதத்திலிருந்து எழுந்து நிற்கும். அந்த வேலையில் அவரை மிஞ்ச மலாக்காவில் ஆள் இல்லை என்பார்கள். வடகரைச் சரிவெல்லாம் கறுத்துக் கிடந்தது. தென்கரையில் ஏரியைப் பார்த்த பக்கம் முழுவதும் வெள்ளை. அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி அந்த வெள்ளையில் விரலை வைத்து, “இங்க நல்லா வெளிச்சமா இருக்குங்க” என்றாள்.

சுதந்திரம் வந்த பிறகு டாக்டர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். போகும் முன் ஒரு நல்ல சேதி சொன்னார். கன்னியாஸ்திரீகள் இடம் கொடுக்கிறார்கள். வடகரையில் ஒரு வீடு, தென்கரையில் ஒரு வீடு. எது வேண்டுமென்று தாளில் எழுதி அனுப்பினால் போதும். “வடகரை என்று எழுதுங்கள்” என்று கப்பலுக்குப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அண்ணன் படத்தின் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“டாக்டர் ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டாரு. வடக்குன்னா குளுரு, தெக்குன்னா சூடு. இது யாருக்கும் தெரியும். மலையையும் பாரு. வடகரை முழுக்க நெழலு. தென்கரைதான் வெளிச்சம்.”

நான் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரில் வெயில் உச்சந்தலையில் அடிக்கிறது. அது வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று எவன் கவலைப்பட்டான்? நானும் தலையை ஆட்டினேன். அவர் தாளில் தென்கரை வீட்டை எழுதினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பும் ஒரு கன்னியாஸ்திரீயுடன் அக்கா சிங்கப்பூரில் கப்பல் ஏறினாள். அண்ணன் படத்தைச் சிறிதாக இன்னொரு நகல் வரைந்து, அவள் இருக்கப்போகும் ஊரில் சிவப்புப் புள்ளி வைத்து, மடித்துக் கையில் கொடுத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவருக்கு நான் சோறு கொண்டுபோனேன். “கப்பல் சரியான நேரத்துக்குக் கிளம்பிருச்சு” என்றார்.

முதல் கடிதம் சந்தோஷமாக வந்தது. அக்கா தானே தமிழில் எழுதியிருந்தாள். மரமெல்லாம் மஞ்சளாகி இலை கொட்டுகிறதாம். செம்படவர்கள் துறையில் வலை காயப்போடுகிறார்களாம். படகில் வரும்போது மடியில் படத்தை விரித்து வைத்து ஊர்களை எண்ணிக்கொண்டே வந்தாளாம். ‘நீங்கள் போட்ட வரிசையிலேயே ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அவர் தெருவில் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினார். அந்த இருமலுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள்கூடக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அவர்மேல் இருந்த பழைய எரிச்சலெல்லாம் போய்விட்டது.

இரண்டாவது கடிதம் மார்கழியில் வந்தது. அதை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. என்னிடம் நீட்டி, “நீயே படி” என்றார்.

‘இங்கே குளிர் தாங்க முடியவில்லை. வெயில் எதிர்க்கரையில் இருக்கிறது. காலையில் அங்கே வருகிறது, நாள் முழுக்க அங்கேயே இருக்கிறது, அங்கேயே போய்விடுகிறது. அந்தக் கரை வீடுகளின் ஜன்னல்கள் மின்னுவதை நான் படுத்துக்கொண்டே பார்க்கிறேன். எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிற மலை மறைக்கிறதாம், மாசி வரை இப்படித்தானாம். உங்கள் படத்தில் இந்தப் பக்கம்தானே வெள்ளையாக இருந்தது? ஒருவேளை என்னை வேறு ஊரில் கொண்டுவந்து விட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.’

“அண்ணே, அக்காவை அந்தக் கரைக்கு மாத்தச் சொல்லுங்க” என்றேன்.

“அவளுக்குத் திசை தடுமாறியிருக்கு. படுத்துக்கிட்டே பாத்தா அப்படித்தான்.”

“கண்ணால பாத்துட்டு எழுதியிருக்கு அண்ணே. நீங்க இங்க காகிதத்தைப் பாத்துட்டு இல்லன்றீங்க?”

“கண்ணு ஏமாத்தும் தங்கச்சி. பிளான் ஏமாத்தாது.”

அன்றே பதில் எழுதினார். அதையும் எனக்குக் காட்டினார், எதையும் மறைக்கிற புத்தி அவருக்குக் கிடையாது. ‘நீ சரியான ஊரில்தான் இருக்கிறாய். திரும்பவும் சரிபார்த்துவிட்டேன். வெயில் உன் பக்கம்தான் விழும். கட்டிலை ஜன்னலோரமாகப் போடச் சொல். ஜன்னலை மூடாதே. பொறுமையாக இரு, வரும்.’ அச்சு மாதிரி எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். ஜம்பு பழத்துக்குப் போட்ட அளவுக்காவது போட்டிருக்கலாம். விமானத் தபாலில் அது போய்விட்டது.

பிறகு அவருக்கும் சோறு இறங்கவில்லை என்று நினைக்கிறேன். தை பிறந்து சில நாள் கழித்து, மத்தியானம் வேலை நேரத்தில், தொப்பி இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அலுவலகத்தில் லண்டனில் படித்துவிட்டு வந்த, போர்ச்சுகீசிய வழி வந்த ஒரு செரானிக்காரர் இருந்தார். அவரிடம் பேச்சுவாக்கில், குளிர்காலத்தில் அங்கே சூரியன் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டிருக்கிறார். தெற்கேதான், நாள் முழுக்கத் தெற்கே தாழ்வாகத்தான், தெற்குப் பக்கம் மலை இருந்தால் வீட்டில் வெளிச்சமே இருக்காது என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அண்ணன் மேசையில் படத்தை விரித்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

“எல்லா மலைக்கும் வெளிச்சம் மேல் இடது மூலையிலேர்ந்து விழுற மாதிரிதான் நாங்க வரைவோம். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பத்தான் பாக்குறவங்க கண்ணுக்கு மலை மேடாத் தெரியும். சூரியன் அங்க இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல தங்கச்சி. நான்தான் வெள்ளையா விட்டேன். நானே விட்டுட்டு நானே நம்பிட்டேன்.”

அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. சட்டை பொத்தானைத் தப்பு ஓட்டையில் போட்டுக்கொண்டு தந்தி ஆபீசுக்கு ஓடினார். உடனே வடகரை வீட்டுக்கு மாற்றுங்கள் என்று இங்கிலீஷில் தந்தி அடித்தார். இரண்டு நாள் கழித்து இன்னொன்று அடித்தார். பதில் தந்தி வரவில்லை. அந்த நாட்களில் தெருமுனைச் சிட்டி வீட்டு அம்மா, தமிழ் மறந்து மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்தவள், போகும்போதும் வரும்போதும், அக்கா எப்போது வருவாள் என்று அவரை மலாயில் விசாரிப்பாள். அவர், “சக்கெஜாப் லாகி” என்பார், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்று. ஏதோ பாசாருக்குப் போனவளைச் சொல்வது மாதிரி.

அதற்கப்புறம் அவர் முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். பிளான் வேலையை விட்டுக் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். பிறந்து வளர்ந்த ஊரில், பண்டார் ஹிலிருக்குப் போகக்கூட எதிரே வருகிறவர்களிடம் வழி கேட்டுக் கேட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். பையன்கள் வேண்டுமென்றே தப்பான வழியைக் காட்டுவார்கள். அவர் அந்த வழியிலேயே போவார். நான் பையன்களைத் திட்டுவேன்.

கன்னியாஸ்திரீகளின் தலைவி எழுதிய கடிதம், தந்தி அடித்த அந்த வருஷமே மாசி மாதத்தில் வந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அவர் நின்றபடியே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தந்தி வந்து சேர்ந்ததாம். ஆனால் அப்போது அந்த வடகிழக்குக் காற்று பிடித்து ஏரி கொந்தளித்து, ஐந்து நாள் படகு ஓடவில்லையாம். ரோடு வழியாகக் கொண்டுபோகலாம் என்றபோது நோயாளி ஒத்துக்கொள்ளவில்லையாம். தந்தியைக் காட்டியிருக்கிறார்கள். அவள் தலையணைக்கு அடியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினாளாம். ‘இதுதான் அவர் கையெழுத்து, எனக்குத் தெரியும், அந்த இங்கிலீஷ் யார் அடித்ததோ’ என்றாளாம். ஜன்னலை மூடவும் விடவில்லையாம். அவர்கள் மூடினால், ‘எங்கள் வீட்டுக்காரர் பிளான் பார்த்துச் சொல்லியிருக்கிறார், வெயில் வரும்போது மூடியிருக்கக் கூடாது’ என்று அக்கா எழுந்து திறப்பாளாம். அந்தக் குளிர்தான் கடைசியில் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தது.

இதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எனக்குத் தெரியாத பாஷைதானே, ஒரு வரியை விழுங்கியிருக்கலாம். அன்றைக்காவது விழுங்கியிருக்கலாம். “போதும் அண்ணே” என்றேன். அவர் இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றார். அவளை ஊர்க் கல்லறையில் வைத்த ஒன்பதாம் நாள் மலைக்கு மேலே சூரியன் வந்ததாம், முதலில் அந்த ஜன்னலில்தான் விழுந்ததாம்.

அதையும் சொல்லி முடித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.